நான் எழுதிய முதல் பதிவும் பக்கத்து வீட்டுச் சட்டையும்

2007-ம் வருஷம், பங்குனி மாசம். அப்போ நாங்க திருவொற்றியூர்ல, ரயில்வே லைனைத் தாண்டி மேற்கால ஒரு சின்னத் தெருவுல குடியிருந்தோம். நான் தேரடி பக்கம் ஒரு டிடிபி சென்டர்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு தமிழ்ல எது அடிக்கணும்னாலும் நான்தான். ஏரியாவுல யாருக்குக் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தாங்கன்னு எனக்குத்தான் முதல்ல தெரியும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். சுருக்குன்னு கோவம் வரும், வந்தா வார்த்தையை அளந்து பேசத் தெரியாது. இதையெல்லாம் முன்னாலயே சொல்லிடறேன், அப்பதான் நடந்தது உங்களுக்குப் புரியும்.

கடைக்கு ஆய்வுக் கட்டுரை டைப் பண்ண வந்த ஒரு காலேஜ் வாத்தியார்தான் வலைப்பூன்னு ஒண்ணு இருக்குறதைக் காட்டினார். தமிழ்ல யார் வேணா எழுதலாம், எழுதின நிமிஷமே உலகம் பூரா படிக்கலாம், காசு கிடையாதுன்னார். அன்னைக்கே ஒண்ணு ஆரம்பிச்சேன். ஒரு புனைபெயரும் வெச்சுக்கிட்டேன். ஆனா எதை எழுதறதுன்னு தெரியலை. பல நாள் அது வெறும் பேர்ப்பலகையோட மூடிக் கிடந்த கடை மாதிரி கிடந்துச்சு.

எழுத வெச்சது பொடிதான்.

எங்க தெருவுக்குப் பின்னால ஒரு கம்பெனி இருந்துச்சு. பேர் வேண்டாம். தெருவுல பாதி ஆம்பளைங்களுக்கு அங்கதான் வேலை. என் அண்ணனும் அங்கதான், கான்ட்ராக்ட்ல. காலையில மேலக்காத்து அடிக்கிற நேரத்துல அந்தக் கம்பெனியில இருந்து வெள்ளையும் சாம்பலுமா ஒரு பொடி கிளம்பி வரும். சோத்துப் பானையில விழும், குடத்துல விழும், கண்ணு கரிக்கும். மத்தியானம் கடல் காத்து திரும்பினா அடங்கிடும். பொம்பளைங்க துணி துவைச்சுக் காயப்போடறது காலையிலதானே? அதனால எங்க தெருவுல ஒரு பழக்கம் உண்டு. யார் முதல்ல பார்க்குறாங்களோ அவங்க மாடியில இருந்து "பொடி! பொடி!"ன்னு கத்தணும். உடனே அத்தனை பேரும் மாடிக்கு ஓடுவோம். மாடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல இருக்கும். உன் துணி, என் துணின்னு பார்க்க மாட்டோம். கைக்கு எட்டினதை உருவிக்கிட்டு இறங்கிட வேண்டியது. பொடி அடங்கினப்புறம் வாசல்ல உக்காந்து பிரிச்சு, "இது உங்க வூட்டு பாவாடை, இது உங்காளு லுங்கி"ன்னு திருப்பிக் கொடுப்போம். அந்த நேரத்துல கேலியும் கூத்தும் தாங்காது.

ஒரு நாள் காலையில அப்படிச் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினப்போ எங்கம்மா படியில சறுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கிடுச்சு. அம்மா வலியில முனகுறதைப் பார்த்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. அவங்களை உக்கார வெச்சுட்டு மாடிக்குப் போனா, நாங்க எடுக்க முடியாமப் போன துணியெல்லாம் கொடியிலயே பொடி மண்டித் தொங்குது. அதுல ஒரு நீலச் சட்டை. கம்பெனி யூனிஃபார்ம். அண்ணன் சட்டைன்னுதான் நினைச்சேன். காலர்ல விரலால ஒரு கோடு இழுத்தேன். இழுத்த இடம் மட்டும் நீலமாத் தெரிஞ்சுது, மத்ததெல்லாம் சாம்பல்.

கடையில பாஸ்போர்ட் போட்டோ எடுக்குற கேமரா, புது பேட்டரி போட்டதோட அன்னைக்கு என் பையில இருந்துச்சு. எடுத்தேன் ஒரு போட்டோ.

மத்தியானம் ஓனர் சாப்பிடப் போன நேரத்துல உக்காந்து எழுதினேன். "எங்கள் தெருவில் பனி பொழிகிறது"ன்னு தலைப்பு. எவ்வளவு நக்கல் முடியுமோ அவ்வளவு நக்கல். ஊட்டிக்குப் போக வேண்டாம், எங்க மாடிக்கு வாங்க, கம்பளி மட்டும் எடுத்துட்டு வாங்கன்னு ஆரம்பிச்சு, எங்கம்மா விழுந்தது வரைக்கும் எழுதி, கம்பெனி முதலாளி வீட்டுக் கொடியில இந்தப் பொடி விழுந்தா சும்மா இருப்பாரான்னு முடிச்சேன். கூடவே அந்தப் போட்டோவையும் போட்டேன்.

அடுத்த ரெண்டு மூணு நாள் எனக்குத் தலை கால் புரியலை. பின்னூட்டம் மேல பின்னூட்டம். சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர், துபாய்ல இருந்து ஒருத்தர். எல்லாரும் என்னை ஆம்பளைன்னே முடிவு பண்ணி "சார், கலக்கிட்டீங்க", "அண்ணே, சாட்டையடி"ன்னு எழுதியிருந்தாங்க. நானும் திருத்தலை. வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. சோறு சாப்பிடும்போது எனக்குள்ளயே சிரிச்சுக்குவேன். "இன்னாத்துக்குத் தனியா சிரிக்கிற?"ன்னு அண்ணன் கேட்டா, "கடையில ஒரு பத்திரிகைல மாப்பிள்ளை பேரை மாத்தி அடிச்சுட்டோம்"னு ஏதாவது அளந்து விடுவேன்.

அந்த வாரமே ஒரு காலையில கடையைத் திறந்து, பெருக்கித் தண்ணி தெளிச்சுட்டு, வழக்கம்போல முதல் வேலையா என் வலைப்பூவைத் திறந்தேன். புதுசா ஒரு பின்னூட்டம். பேர் போடாத அனானி.

"சட்டைப் பைக்கு மேல் உள்ள எண் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. உடனே எடுத்துவிடுங்கள். இங்கே பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்."

அவ்வளவுதான். ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் "இங்கே"ங்கிற வார்த்தை எனக்கு உறைச்சுது. போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். அந்தக் கம்பெனி யூனிஃபார்ம்ல பாக்கெட்டுக்கு மேல சிவப்பு நூல்ல ஆளோட நம்பர் தச்சிருக்கும். அண்ணன் சட்டையை எத்தனை தடவை இஸ்திரி போட்டிருக்கேன்! அது என் புத்தியில ஏறவே இல்லை. அவ்வளவு சாம்பலுக்கு நடுவுலயும் நம்பர் பளிச்சுன்னு நிக்குது. ஆனா, அது அண்ணன் நம்பர் இல்லை.

ஒரு நொடி 'அப்பாடா'ன்னு மூச்சு விட்டேன். அடுத்த நொடியே அது யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு. அம்மா விழுந்த அன்னைக்கு, அவங்களே கட்டுப் போட்ட கையோட துணியைப் பிரிக்கும்போது ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்துட்டு, "பேசாதவ வூட்டு சட்டை நம்ம கொடியில இன்னாத்துக்கு வந்து குந்தினுகீது"ன்னு முணுமுணுத்துக்கிட்டே, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் மேல போட்டுட்டு வந்தாங்க. அதுக்கு முந்தின தடவை பொடி வந்தப்போ துணி மாறி வந்திருக்கணும். நாங்களும் கவனிக்காம துவைச்சு, எங்க துணியோட காயப்போட்டிருக்கோம்.

பக்கத்து வீட்டோட எங்களுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. தண்ணி லாரி வரிசையில அந்த வீட்டு அக்கா எங்க குடத்தைப் பின்னால தள்ளி வெச்சாங்கன்னு நான் கேட்கப் போய், அது பெரிய சண்டையாகி, ரெண்டு வீடும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ரொம்ப நாளாச்சு. அந்த அக்கா வீட்டுக்காரரும் கான்ட்ராக்ட்தான், அண்ணனுக்கு சீனியர். ரொம்ப வருஷமா உழைச்சு, இப்பதான் அவரைப் பர்மனென்ட் ஆக்கப் போறாங்கன்னு தெரு பூரா பேச்சு. இந்த நேரத்துல, கம்பெனியை நாறடிச்சு எழுதின பதிவுல அந்த மனுஷனோட சட்டை, நம்பரோட தொங்குது.

சட்டுனு படத்தைத் தூக்கிடலாம்னு உள்ளே நுழைஞ்சேன். பாஸ்வேர்டு அடிச்சு என்டர் தட்டினேன் பாருங்க, கரண்ட் போச்சு. யுபிஎஸ் ரெண்டு தடவை கீச்சுன்னு கத்திட்டு அதுவும் செத்துப் போச்சு. கடை வாசல்ல நின்னு வடக்கால பார்த்தா எண்ணூர்ல கரண்ட் தயாரிக்கிற புகைபோக்கி தெரியும். அது பாட்டுக்குப் புகை விட்டுக்கிட்டிருக்கு, எங்க தெருவுல ஃபேன் சுத்தலை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடையை அப்படியே சாத்திட்டு ஹைரோட்டுக்கு ஓடினேன். அங்க ஒரு பிரவுசிங் சென்டர்ல ஜெனரேட்டர் இருக்கும். ரோட்டைத் தாண்டணுமே! ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா, நகராம, ஒண்ணு முதுகை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்து, அந்தப் பக்கம் போய், பிரவுசிங் சென்டர் படியேறினப்போ எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. உள்ளே ஒரு சிஸ்டம்கூட காலியில்லை. ஓனர் பாய் என்னைப் பார்த்ததும், "உக்காரும்மா, பத்து நிமிஷத்துல ஒண்ணு காலியாவும்"னார்.

"பாய், பத்து நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷம்கூட முடியாது பாய். ஒருத்தர் பொழப்பு போயிடும்"னேன். எனக்கு அழுகை முட்டிடுச்சு.

அவர் ஒண்ணும் கேக்கலை. கல்லாவுக்குப் பக்கத்துல இருந்த அவரோட சொந்த சிஸ்டத்தைத் திருப்பி வெச்சு, நாற்காலியை விட்டு எழுந்துக்கிட்டார். அந்தப் பக்கம் திறக்க எடுத்துக்கிட்ட நேரம் இருக்கே, அப்பா! மணல் கடிகாரம் மாதிரி அந்தச் சின்னப் படம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஜெனரேட்டர் ஒரு பக்கம் உறுமுது, என் நெஞ்சு ஒரு பக்கம். கடைசியில பதிவு திறந்துச்சு. மொத்தப் பதிவையும் அழிச்சுடலாமான்னு கை போச்சு. அம்மா விழுந்ததை நினைச்சேன். எழுத்து இருக்கட்டும்னு விட்டுட்டு, படத்தை மட்டும் எடுத்தேன். பாய்க்குக் காசு கொடுக்கணும்னுகூடத் தோணலை, அவரும் கேக்கலை.

வெளியே வந்து நின்னப்பதான் புத்தி வேலை செஞ்சுது. படத்தை எடுத்து என்ன பிரயோஜனம்? அவங்கதான் பிரிண்ட் எடுத்தாச்சே.

கம்பெனி கேட்டுக்குப் போனேன். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியலை. ஆனா கடைக்கும் போக முடியலை, வீட்டுக்கும் போக முடியலை. வெயில் மண்டையைப் பொளக்குது. கேட்டுக்கு எதிர்ல ஒரு புளியமரம், அதும் இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதுக்குக் கீழ அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நிக்கிறாங்க. இடுப்புல அவங்க சின்னப் பொண்ணு. சேதி எப்படியோ அவங்க காதுக்கும் எட்டியிருக்கணும். அவங்க என்னைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நான் கேட்டோட இந்தப் பக்கச் சுவரை ஒட்டி நின்னுக்கிட்டேன்.

ரெண்டு மணி சங்கு ஊதுச்சு. காலை ஷிப்ட் ஆளுங்க கூட்டமா வெளியே வந்தாங்க. எல்லாம் நீலச் சட்டை. அண்ணன் என்னைப் பார்த்துட்டு வேகமா வந்தான்.

"இன்னாடி இங்க வந்து நிக்கிற? அம்மாவுக்கு இன்னா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. அந்த அண்ணன் எங்க?"ன்னு பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கிட்டான். "உள்ள ஆபீஸ்ல குந்த வெச்சிருக்கானுங்கோ. எவனோ நெட்டுல நம்ம கம்பெனியப் பத்திக் கண்டமேனிக்கு எழுதிக்கிறான். இவுரு சட்டையப் போட்டோ புடிச்சுப் போட்டுக்கிறான். எந்த வூட்டு மொட்டமாடி, எவன் எழுதினான்னு சொல்லு, இல்லாங்காட்டி வேலைக்கு வராதன்றானுங்கோ. பாவம்யா மன்சன். எவனோ பண்ணதுக்கு இவுரு மாட்டிக்கினு முழிக்கிறாரு."

"எவனோ இல்லண்ணா. நான்தான்."

அவனுக்கு முதல்ல விளங்கலை. விளங்கினதும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. என் கையைப் புடிச்சு சுவரோரமா இழுத்துட்டுப் போய், "வாயத் தொறக்காத. தொறந்த, அவ்ளோதான். நம்ம வூட்டுக் கொடின்னு தெரிஞ்சா என் வேலையும் காலி. வூட்ல உல கொதிக்க வாணாவா?"ன்னான். அவன் என்னை அடிப்பான்னு நினைச்சேன். அடிக்கலை. கண்ணு கலங்கி நின்னான். அதுதான் எனக்குத் தாங்கலை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நான் வாயைத் திறந்தா அண்ணன் வேலை போகும். திறக்காட்டி, பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்காரர் வேலை போகும். அந்த மனுஷன் செஞ்ச தப்பு, அவர் சட்டை எங்க கொடியில தொங்கினது மட்டும்தான். அண்ணன் வேலையில எங்க மூணு பேர் சாப்பாடு இருக்கு. என் சம்பளம் பஸ்ஸுக்கும் அம்மா மாத்திரைக்கும் சரியாப் போகும்.

கூட்டம் கலைஞ்சுடுச்சு. அந்த அக்கா மட்டும் கேட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. குழந்தை தூக்கத்துல அவங்க தோள்ல சாஞ்சு கிடக்குது. அண்ணன் "வூட்டுக்கு நட"ன்னு என்னைத் தள்ளினான். ரெண்டடி நடந்தேன். அதுக்கு மேல கால் போகலை. அவன் கையை உதறிட்டு நேரா மரத்தடிக்குப் போயிட்டேன். பின்னால அண்ணன் என் பேரைச் சொல்லிக் கத்துறது கேட்டுது.

"அக்கா."

அவங்க திரும்பலை.

"அக்கா, அண்ணன் சட்டையப் போட்டோ எடுத்தது நான்தான். நெட்டுல எழுதினதும் நான்தான். எங்கண்ணன் சட்டைன்னு நெனச்சு எடுத்துட்டேன். நீங்க உள்ள போய்ச் சொல்லிடுங்க. எழுதினது பக்கத்து வூட்டுப் பொண்ணு, அவங்க வூட்டு மாடின்னு சொல்லிடுங்க. நான் வர்றேன் கூட."

அறைவாங்க, இல்ல மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு நின்னேன். தண்ணி லாரி சண்டையில அவங்க வாயை நான் பார்த்திருக்கேன், எனக்குக் கொஞ்சமும் சளைச்சதில்லை. அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"இன்னா எழுதின?"

"பொடியப் பத்திக்கா. துணியெல்லாம் பாழாவுது, அம்மா வுழுந்துட்டாங்க..."

"எம் பொண்ணப் பத்தி எழுதினியா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. "இல்லக்கா"ன்னேன்.

"ராத்திரி ராத்திரி மூச்சு இழுக்குது இதுக்கு. பக்கத்து வூட்ல தானே கீற? செவுத்துக்கு அந்தாண்டதான் உன் தலமாடு. ஒரு நாளுகூட காதுல வுழலியா? துணி அழுக்காப் பூட்சின்னு எழுதத் தெரிஞ்சுச்சு. எம் பொண்ண ஏன் எழுதல?"

அவங்க புருஷன் வேலையைக் கெடுத்ததுக்குத் திட்டுவாங்கன்னு நினைச்சா, எழுதாம விட்டதுக்குத் திட்டுறாங்க. அண்ணன் எங்க பின்னால வந்து நின்னது எனக்குத் தெரியும்.

"உள்ள போய்ச் சொல்லுங்கக்கா"ன்னு மறுபடியும் சொன்னேன்.

"சும்மா கெட. ஒரு வூட்ல பேஜாரு போதும்"னாங்க. ஆனா அவங்க கண்ணு கேட்டை விட்டு நகரலை. குழந்தையை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டாங்க. அவங்க உதடு துடிக்கிறதைப் பார்த்தேன். அவங்களுக்கும் பயம்தான். பயத்தோடதான் அப்படிச் சொன்னாங்க.

நாங்க மூணு பேரும் அந்த மரத்தடியில நின்னோம். வாட்ச்மேன் ரெண்டு தடவை வந்து "இங்க நிக்காதீங்க"ன்னு விரட்டினார். அக்கா முறைச்ச முறைப்புல மூணாவது தடவை வரலை. அவர் வெளியே வந்தப்போ கடல் காத்து திரும்பியிருந்துச்சு. மேல சட்டை இல்லை, பனியனோட வந்தார். அந்தச் சட்டையைக் கழட்டி உள்ளேயே வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். கேட் பாஸையும் வாங்கிக்கிட்டாங்க. நாங்க கூப்பிடுற வரைக்கும் வராதேன்னு சொல்லிட்டாங்களாம்.

அக்கா ஓடிப் போய், "இன்னாய்யா சொன்ன?"ன்னு கேட்டாங்க.

"சட்ட என்துதான் சார்னேன். வேற இன்னா சொல்ல? நம்பருகீதே. எவன் வூட்டுக் கொடின்னான். தெர்ல சார்னேன். அதெப்படி உன் சட்ட எங்க தொங்குதுன்னு உனுக்குத் தெரியாதுன்னான். சார், உங்க பொடி கொட்டச் சொல்லோ பொம்பளைங்கோ உசுரக் கையில புடிச்சினு ஓடுவாளுங்கோ, எவன் சட்ட எவன் வூட்டுக்குப் போவுதுன்னு எங்களுக்கே தெரியாது, நம்பிக்க இல்லாங்காட்டி நாளிக்குக் காலீல வந்து நின்னு பாருன்னேன்."

சொல்லிட்டு அவர் என்னையும் அண்ணனையும் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"இன்னாடா தலையத் தொங்கப் போட்டுக்கினு? பிரிண்ட்டக் காட்டினப்பவே தெரியும் எனுக்கு. பக்கத்துல தொங்கறது உங்க ஆத்தா பொடவ. தெனம் பாக்கறேன், எனுக்கு அடையாளம் தெரியாதா?"ன்னார்.

அண்ணன் அந்த ரோட்டுலயே அவர் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டான். நானும் அழுதேன். அவர் அந்த இடத்துலகூட, "சரி வுடு, சரி வுடு, உங்க வூட்ல தொவச்சதால சட்ட கொஞ்சம் பளிச்சுன்னு வந்துச்சு, எவ தொவச்சது?"ன்னு கேட்டார். அக்கா அவர் முதுகுல ஒண்ணு போட்டாங்க.

சிரிச்சுட்டாரே தவிர, அதுக்கப்புறம் அவர் பட்ட பாடு சிரிப்பில்லை. கம்பெனி கூப்பிடுற வரைக்கும் காசிமேட்டுல போய் ஐஸ் பெட்டி தூக்கினார். அண்ணனும் தெரு ஆளுங்களும் கான்ட்ராக்டர் வீட்டுக்கு நடையா நடந்தாங்க. கம்பெனியில பொடியைக் கக்குற சூளைக்குள்ள இறங்கித் துப்புரவு செய்ய ஆள் கிடைக்காமத் திண்டாடினப்பதான் அவரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. கூட இருந்தவங்க பர்மனென்ட் ஆனப்போ அவர் பேர் வரலை. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அவருக்கு. அந்த அனானி யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. கம்பெனி ஆபீஸுக்குள்ள உக்காந்து என் பதிவைப் படிச்ச யாரோ ஒரு புண்ணியவான், இல்ல புண்ணியவதி. நல்லா இருக்கட்டும்.

கேட்டுல நின்ன அன்னைக்கு ராத்திரியே நான், இனிமே இந்த எழுத்து சகவாசமே வேண்டாம்னு வலைப்பூவை மூடிடறதா முடிவு பண்ணிட்டேன். அண்ணன்கிட்ட சத்தியமே பண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த அக்கா குழந்தையோட கடைக்கு வந்துட்டாங்க. பத்திரிகைக்கு விவரம் கொடுக்க வர்றவங்க உக்காருவாங்களே, என் பக்கத்து ஸ்டூல், அதுல வந்து உக்காந்தாங்க.

"எழுது"ன்னாங்க.

"அக்கா, வேணாம்க்கா. நேத்து பட்டது போதாதா? உங்க வூட்டு அண்ணனுக்கு இன்னும் வேலையே திரும்ப வரலை."

"போட்டோ போடாத. பேரு போடாத. தெரு பேரும் போடாத. எழுது."

"கண்டுபுடிச்சுட்டாங்கன்னா?"

"அதான் பயமா கீது எனக்கும். எழுதாம இருந்தா மட்டும் இதுக்கு மூச்சு வந்துடப் போவுதா?"

நான் கீபோர்டுல கை வெச்சேன். ஆனா என்ன எழுதறதுன்னு தெரியலை. அவங்க பார்த்தாங்க. மடியில இருந்த குழந்தையைத் தூக்கி, எனக்கு முதுகு காட்டித் திருப்பி வெச்சாங்க. கவுனை மேல தூக்கினாங்க. என் தலையைப் புடிச்சு அந்தச் சின்ன முதுகுல சாய்ச்சாங்க.

"காத வெச்சுக் கேளு. அப்பால எழுது."

கேட்டேன். உள்ளே கீச்சு கீச்சுன்னு, துருப்பிடிச்ச கதவைத் திறக்குற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும். அந்தப் பொண்ணு என் முடியைப் புடிச்சு இழுத்து விளையாடிக்கிட்டிருக்கு. அதுக்கு அது பழகிப் போச்சு. ஒரே சுவர்தான் நடுவுல, இத்தனை நாள் நான் அந்தப் பக்கம் படுத்துத் தூங்கியிருக்கேன்.

அன்னைக்கு எழுதின பதிவுல நக்கல் கிடையாது. அக்கா சொல்லச் சொல்ல அடிச்சேன். ஒரு வரி அடிச்சதும் படிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. "அப்பிடி இல்ல, மாத்து"ன்னு அதட்டுவாங்க. "இப்ப சரி"ன்னு அவங்க சொன்னப்புறம்தான் வெளியிடற பொத்தானை அழுத்தினேன். முதல் பதிவுக்கு வந்த கைத்தட்டல்ல பாதிகூட இதுக்கு வரலை. ஆனா எங்க தெருவுல இருந்தும் பக்கத்துத் தெருவுல இருந்தும் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா குழந்தையைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஓனர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துல மட்டும் பண்ணிக்கோன்னு விட்டார். பொடி அதுக்கப்புறமும் ரொம்ப நாள் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நான் எழுதி அது நின்னுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

இப்போ நான் கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருக்கேன், இன்னும் ஏதாவது எழுதிக்கிட்டுதான் இருக்கேன். அடுத்தவங்க கஷ்டத்தைப் பத்தி எழுத உக்காரும்போதெல்லாம், யாரோ என் தலையைப் புடிச்சு அந்தச் சின்ன முதுகுல சாய்க்கிற மாதிரியே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காம என்னால முதல் வரியை எழுத முடியறதில்லை.